இரு கடல் இணைத்த நீர்வழி

பள்ளம் நாடிப் பாய்வது நீரின் இயல்பு. அந்நீரின்மீதே படகு செலுத்தி மேட்டில் ஏறி, அப்பால் இறங்குதல் கூடுமோ? கூடும் என மெய்ப்பித்தது தென் பிரான்சின் மிடி கால்வாய். துலூஸ் நகரில் தொடங்கி, மத்தியதரைக் கடலோரத்துத் தோ உப்பங்கழி வரை அது 240 கிலோமீட்டர் நீள்கிறது.

இன்று அதில் உல்லாசப் படகுகளே மிகுதியாக ஊர்கின்றன. திராட்சைத் தோட்டங்களும் கற்பாலங்களும் மரநிழலும் பயணிகளின் கண்ணைக் கவர்கின்றன. ஆயின், அவ்வழகின் பின்னே நிற்கும் உழைப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

முற்காலத்தில் பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து மத்தியதரைக் கரைக்குச் செல்லும் கப்பல்கள் ஸ்பெயின் நாட்டைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. துலூசிலிருந்து கரோன் ஆறு அட்லாண்டிக்கை அடைகிறது. ஆதலின், துலூசுக்குக் கிழக்கே கால்வாய் வெட்டினால் இரு கடலும் இணையும். ஆனால், இடையே நின்றது ஏறத்தாழ 190 மீட்டர் உயரமுள்ள நோரூஸ் மேடு.

மேடேறும் உபாயம் முன்பே அறியப்பட்டதுதான். அதுவே மதகறை. இரு முனையிலும் கதவுடைய நீர்த்தொட்டி அது. கீழிருந்து வரும் படகு உள்ளே புகுந்ததும் கீழ்க்கதவை அடைப்பர். மேலிருந்து நீரை விடுவர். நீர் உயர, படகும் உயரும். இரண்டு மட்டமும் ஒன்றானதும் மேற்கதவு திறக்கும். ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டி நீர் கீழே போய்விடும். உச்சியில் ஓயாது நீர் சுரந்தாலன்றிக் கால்வாய் வறண்டுவிடும். மேட்டின்மேல் நீருக்கு எங்கே போவது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் பொறியியல் பயின்றவரல்லர். பியேர் பால் ரிக்கே என்னும் உப்புவரி தண்டும் அலுவலர். கருமலையின் ஓடைகளைத் திருப்பி நோரூசுக்குக் கொணரலாம் என 1662இல் அமைச்சர் கொல்பேருக்கு எழுதினார். அப்போது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார். வெறும் சொல்லை எவர் நம்புவர்? 1665இல் சிறு வாய்க்கால் வெட்டி நீரை ஓடவிட்டுக் காட்டினார். 1666இல் மன்னர் பதினான்காம் லூயியின் ஆணை பிறந்தது.

பல்லாயிரவர் உழைத்தனர், பெண்களும் மண் சுமந்தனர். மழையால் வேலை நின்ற நாளுக்கும் நோயுற்ற நாளுக்கும்கூட ரிக்கே ஊதியம் அளித்தார். சான் ஃபெரெயோலில் பேரணை எழுந்தது. தொடக்கத்தில் கட்டிய மதகறை ஒன்றின் நேர்ச்சுவர் மண்ணழுத்தத்தால் சரிந்தது. அவர் சோர்ந்திலர், சுவர்களை வளைத்து முட்டை வடிவில் அமைத்தார். மால்பாக் குன்றைக் குடைந்து 160 மீட்டருக்கும் நீண்ட சுரங்கம் கண்டார். பெசியே நகரருகே 21.5 மீட்டர் உயரத்தைக் கடக்க எட்டு மதகறைகளைப் படிக்கட்டுப்போல் அடுக்கினார். தம் செல்வத்தைக் கொட்டினார், கடனும் பட்டார்.

1680 அக்டோபரில் ரிக்கே மறைந்தார். 1681 மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. இடையில் ஏழு திங்களே! முடிந்த கால்வாயில் ஒரு முறையேனும் பயணம் செய்யும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்து சரக்கைக் கவர்ந்துகொண்டது. ஆயினும் கால்வாய் அழியவில்லை. 1996இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

மதகறையில் நீர் மெல்லத்தான் ஏறும். விரைவுபடுத்த முயன்றால் படகு அலைக்கழியும். மாணவரை மேலேற்றும் பணியும் அத்தகையதே. அவர் சென்று சேரும் கரையை நாம் காணாமற் போகலாம். காணாவிடினும் நீர் கொணர்வதே நம் கடன்.