கல்லீரல் புற்றில் ரத்தம் சொன்ன கெடு

1963-ல் மாஸ்கோவில் கேரி அபெலெவ், கல்லீரல் கட்டி வந்த எலிகளின் ரத்தத்தில், கருவில் இருக்கும்போது மட்டுமே மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைக் கண்டார். மறு ஆண்டே யூரி தத்தாரினோவ் அதை மனித நோயாளியிடமும் காட்டினார். ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி., இப்படித்தான் கல்லீரல் புற்றின் அடையாளமாயிற்று. ஆனால் நோய் இருப்பதைச் சொல்வது வேறு. நோய் முற்றியவருக்கு இன்னும் எத்தனை காலம் என்று சொல்வது வேறு. இந்த இரண்டாவது வேலையில், கட்டி சுரக்கும் புரதத்தைவிட, எந்தச் சிற்றூர் லேபிலும் பார்க்கிற ஆல்புமினும் பிலிருபினுமே அதிகம் உழைத்திருக்கின்றன.

ஜப்பானிய மருத்துவர் குனியோ ஒகுடா 1985-ல் 850 நோயாளிகளை ஆராய்ந்து வகுத்த நிலைகளைப் பாருங்கள். கட்டி கல்லீரலில் பாதிக்கு மேல் பரவியிருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, ஆல்புமின் 3 கிராமுக்குக் கீழா, பிலிருபின் 3 மில்லிகிராமுக்கு மேலா: நான்கே கேள்விகள். ஏ.எஃப்.பி. அதில் இல்லை. சிகிச்சை பெறாதவர்களில் முதல் நிலையினரின் இடைநிலை ஆயுள் 8.3 மாதம், மூன்றாம் நிலையினருக்கு 0.7 மாதம், அதாவது மூன்றே வாரம். காரணம் புரியாததல்ல. இந்தப் புற்று பெரும்பாலும் ஹெபடைடிஸ் கிருமியோ குடியோ ஏற்கெனவே சுருங்கவைத்த ஈரலில்தான் முளைக்கிறது. நோயாளிக்கு இருப்பது இரண்டு நோய்; கட்டி சிறிதாக இருக்கும்போதே ஈரல் கைவிட்டுவிடலாம். ஆல்புமினை உண்டாக்குவதும் பிலிருபினை வெளியேற்றுவதும் ஈரலின் அன்றாட வேலை. அந்த வேலை எவ்வளவு நடக்கிறது என்பதை இவை இரண்டும் நேரடியாகச் சொல்லிவிடுகின்றன. 2015-ல் பிலிப் ஜான்சன் குழுவினர், மருத்துவர் கைவைத்துப் பார்த்துக் கணிக்கும் வயிற்று நீர் போன்றவற்றை ஒதுக்கிவிட்டு, இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்தே 'ஆல்பி' தரத்தை அமைத்தார்கள். துணிச்சலான காரியம்தான்.

ஏ.எஃப்.பி.யை இப்படித் தள்ளிவிடலாமா என்று கேட்பார்கள். கேட்க நியாயம் உண்டு. 1998-ல் இத்தாலியர் வகுத்த கிளிப் மதிப்பெண்ணில் ஏ.எஃப்.பி. 400 என்ற அளவு இடம்பெற்றது. ராமுசிருமாப் மருந்து பொதுவான சோதனையில் தோற்றபின், ஏ.எஃப்.பி. 400-ம் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மட்டும் சோதித்தபோது வென்றது. 2019-ல் வந்த முடிவின்படி இடைநிலை ஆயுள் 7.3 மாதத்திலிருந்து 8.5 ஆயிற்று. ஆக, யாருக்கு எந்த மருந்து என்று தேர்வு செய்ய அது உதவுகிறது. ஆனால் கணிசமானோருக்குக் கட்டி வளர்ந்த பின்னும் ஏ.எஃப்.பி. ஏறுவதில்லை, அவர்களிடம் அதன் மௌனத்தை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது. எல்லா எண்களுமே கூட்டத்தைப் பற்றியவை, தனி மனிதரின் கெடுவைச் சொல்லாதவை என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஒப்புக்கொள்ள வேண்டியதே: இடைநிலை ஆயுள் என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்தார்கள் என்றே பொருள். ரிப்போர்ட்டை வாங்கியதும் ஏ.எஃப்.பி. வரியை மட்டும் பார்த்துக் கலங்குகிறவர்களே, ஆல்புமினும் பிலிருபினும் எப்படி இருக்கின்றன என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.