எழுத்துரு மாறியும் பிழைத்த நூல்கள்

லண்டனிலோ டொராண்டோவிலோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியருக்கு இன்று ஒரு நாலடியார் வெண்பா வேண்டுமென்றால் நொடியில் கிடைத்துவிடுகிறது. கால் நூற்றாண்டுக்கு முன் இது எளிதாக இல்லை. தடையாக இருந்தது நூல் பற்றாக்குறை மட்டுமல்ல, எழுத்தும்தான்.

அன்றைய கணினி எழுத்துருவில் இருந்தவை 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் 247 தமிழ் எழுத்துகள் அடங்காததால், கொம்பு, கால், சுழி என்று பிரித்து வைத்தார்கள். எந்த இடத்தில் எதை வைப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒரு வழியில் போனார்கள். ஒருவர் அனுப்பிய பாடம், அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது.

ஆய்வாளர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை ஜெர்மனியின் கெல்ன் பல்கலைக்கழகத்தார் கணினியில் ஏற்றியபோது, தமிழை ரோமன் எழுத்தில் எழுதித் தேடும்படி செய்தார்கள். ஆய்வுக்கு அது போதும். ஆனால் அகரம் படிக்க வந்த பிள்ளைக்கு ரோமன் எழுத்தில் தமிழ் காட்ட முடியுமா?

தமிழ் எழுத்தையே திரையில் கொண்டுவர முனைந்தவர்களில் ஒருவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தன. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. அதை நடத்திய முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளர். பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் பழைய நூல்களைத் தட்டச்சிட்டார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்தார்கள்.

எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்கப் புலம்பெயர்ந்தோர் பலர் கூடி விவாதித்துத் 'திஸ்கி' என்ற பொதுத் தரத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்ற வேறு தரங்களை அறிவித்தது. கடைசியில் நிலைத்தது ஒருங்குறி. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

நான் பிழைப்புக்குச் செய்வது நிறுவனங்களின் பழைய தரவுகளைப் புதிய முறைமைக்கு மாற்றும் வேலை. இந்த வரலாற்றில் என்னை வியக்க வைப்பது நூல்களை ஏற்றியது அல்ல, மாற்றியது. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என மூன்று குறிகள். ஒருங்குறியில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். மதுரைத் திட்ட நூல்கள் இந்தக் கடலைத் தாண்டி வந்தன. அப்படித் தாண்ட ஆளில்லாத எத்தனையோ பக்கங்கள் இன்று படிக்க முடியாத குறிகளாகக் கிடக்கின்றன. அவற்றை யாரும் எரிக்கவில்லை. பெயர்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வேலை இன்னும் முடியவில்லை. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ள எழுத்தைத் தட்டி 'கெளரவம்' என்று எழுதும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அப்படி வரும் ள எல்லாவற்றையும் மாற்று என்று கட்டளையிட்டால் 'தெளிவு', 'வெளி' போன்ற சொற்கள் சிதைந்துபோகும். எது குறி, எது எழுத்து என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

நம் சனிக்கிழமைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலர் இன்று நிரல் எழுதுகிறார்கள். அந்த வகுப்பில் கொம்பையும் காலையும் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போனவர்கள்தான். இந்த வேலைக்கு வேண்டிய இரண்டு படிப்பும் அவர்களிடம் இருக்கின்றன.