கூடையா, மூடையா?



சென்ற ஆண்டு எங்கள் கரடியனாற்றுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஊரைப் பற்றி ஓர் ஒட்டுப் புத்தகம் செய்ய முனைந்தனர். பழைய புகைப்படங்களின் பிரதிகள், நெற்கதிர், வட்டைகளின் பெயர்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள் என்று பலவற்றையும் தடித்த கடதாசியில் ஒட்டி, தலைப்புகளை மட்டும் கணினியில் அழகாக எழுதி அச்செடுப்பது அவர்களுடைய எண்ணம். கைத்தொலைபேசியிலேயே எழுத்துருக்களைத் தரவிறக்கம் செய்து கொண்டு வந்துவிட்டனர். பூங்கொடி போன்றவை, தூரிகையால் தீட்டியவை போன்றவை எனப் பலவகை. ஆனால் தமிழில் தட்டச்சிட்டு அவற்றைத் தெரிவு செய்தபோது ஒன்றுமே நிகழவில்லை. “பேர் மாறுது, எழுத்து மாறுதில்லையே சேர்!” என்றாள் ஒரு மாணவி. அவை ஆங்கிலத்துக்கென வரைந்த எழுத்துருக்கள். அவற்றினுள் தமிழ் இல்லாதபடியால், கணினி தன்னிடமிருந்த சாதாரணத் தமிழெழுத்தையே எடுத்துப் போட்டுவிட்டது.

இதைச் சொல்லிக் கொடுக்கப் போய், எனது பழைய தவறு ஒன்றும் வெளிப்பட்டது. அதற்கு வருமுன், தமிழெழுத்தின் வடிவத்தை அவ்வப்போது தீர்மானித்தவை எவை எனச் சிறிது பார்த்து வருவோம்.

எழுதப்படும் பொருளே எழுத்தை வடித்தது. ஓலையிலே எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆகவே ஏடெழுதியோர் புள்ளியை விட்டு எழுதினர். வாசிப்பவர் இடம் நோக்கி அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. எகர, ஒகரங்களின் குறில் நெடில் மயக்கத்தைத் தீர்த்து வடிவம் வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களில் அச்சேறியது. தமிழ் அச்செழுத்தின் பழைய வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

தரங்கம்பாடிக் கதை சுவையானது. சீகன்பால்குவின் பணிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு வேதாகமத்தை அச்சிடுவதாயின் கடதாசி கட்டுப்படியாகாது. எனவே பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். அதற்கு வேண்டிய ஈயத்தை, இங்கிலாந்திலிருந்து வந்த பாற்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கிப் பெற்றனர் என்று சொல்லப்படுகிறது. பாற்கட்டியைத் தின்றவர்களையும் நாம் நன்றியோடு நினைக்கலாம்! சென்னையிலே அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் என்பவர் பின்னர் சிறிய, கண்ணுக்கினிய எழுத்துகளை உருவாக்கினார். யாழ்ப்பாணத்தில் முன்னர் பணியாற்றிய வின்ஸ்லோவின் பேரகராதி 1862இல் அங்குதான் அச்சாயிற்று. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவியதையும் இவ்வரிசையில் வைத்தே நோக்க வேண்டும். எழுத்து யார் கையில் இருக்கிறதோ அவருடைய நூலே வாசகனிடம் சென்றது.

அடுத்து வந்தது தட்டச்சுப் பொறி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் எப்படி அடக்குவதென்று தலையை உடைத்துக்கொண்டார். புள்ளிக்கு நகராத விசை. அதை அழுத்தினால் உருளை நகராது. அதன்மேல் மெய்யெழுத்தைத் தட்டினால் இரண்டும் ஒன்றாய் விழும். அவருடைய பொறிகள் ஜெர்மனியில் உற்பத்தியாகின. ஓர் எழுத்தைத் துண்டுகளாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இப்பொறியோடு உறுதிப்பட்டது எனலாம்.

கணினிக்கும் முதலில் இந்தத் துண்டுகளே சென்றன. கனடாவிலே கலாநிதி சீனிவாசன் 1984இல் ‘ஆதமி’யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’, சுவிற்சர்லாந்தில் கலாநிதி கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எனப் பல வந்தன. எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை பரவியது ‘பாமினி’. இவற்றுள் ஒரு சூழ்ச்சி உண்டு. கெட்ட பொருளில் சொல்லவில்லை. பாமினியில் ‘அம்மா’ என்று நாம் காண்பது கணினிக்கு அம்மா அன்று. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. முகமூடி இல்லாத கணினியில் அம்மாவைத் தேடினால் கே, எச்தான் கிடைக்கும். அத்தோடு, ஒவ்வொருவர் முகமூடியும் ஒவ்வொரு விதம். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடு கூட்டிப் பேசுமளவுக்கு இது ஒரு சிக்கலாயிற்று.

எனது தவறும் இங்கேதான். 2010இல், போருக்குப் பின் மக்கள் திரும்பியிருந்த வேளை, படுவான்கரையில் ஒரு வயோதிப அம்மாவிடம் அறுவடைக்காலப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டுக் கொப்பியில் எழுதினேன். பின்னர் கணினியில் ஏற்றினேன். நகரத்துக் கடையொன்றில் இறுவட்டில் வாங்கிய அலங்கார எழுத்துருக்களில் ஒன்றைத் தெரிந்து, தலைப்பை மட்டுமன்றிப் பாடல் முழுவதையும் அதிலேயே அமைத்தேன். இளமை ஆசை! 2011 தைமாத வெள்ளத்தில் கொப்பி கரைந்தது. அந்த அம்மாவும் பின்னர் காலமானார். இறுவட்டு எங்கே போயிற்றோ தெரியாது.

ஒட்டுப் புத்தகத்துக்கென்று சென்ற ஆண்டு அக்கோப்பைத் திறந்தபோது பக்கம் முழுவதும் ஆங்கிலக் குறிகள். எழுத்துருவின் பெயர் மட்டும் மேலே நிற்கிறது. அப்பெயரில் ஒன்றை எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் முன் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாணவன் பாமினியை இட்டுப் பார்த்தான். பாடல்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. ஆயினும் அந்த எழுத்துருவைச் செய்தவர் உகர, ஊகாரங்கள் சிலவற்றை வேறிடத்தில் வைத்திருக்கிறார். அவ்விடங்களில் வெறும் சதுரக் கட்டம். பலவற்றை ஊகித்து நிரப்பினோம். ஒன்று மட்டும் இடக்குப் பண்ணியது. ஒரு கட்டம், பின்னால் ‘டை’. களவெட்டிப் பாடலில் அது கூடையாகவும் இருக்கலாம், மூடையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பொருள் பொருந்துகிறது, ஓசையும் பொருந்துகிறது.

இன்று யூனிக்கோட் முறையில் இந்த இடர் இல்லை. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. ‘க’வுக்கு ஓர் எண், ஊகாரக் குறிக்கு ஓர் எண். இரண்டும் சேர்ந்து ‘கூ’ எப்படித் தோன்ற வேண்டும் என்பதை மட்டும் எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. உடுப்பை மாற்றினாலும் ஆள் மாறுவதில்லை. எங்கள் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவாணர்’, ‘பவனம்’ போன்றவற்றைக் கூகிள் எழுத்துருத் தளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். கவிவாணர் சாய்ந்த கையெழுத்துப் போன்றது. பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. ஒன்றைத் தரவிறக்கினால் முதலில் ‘கூ’, ‘ணூ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். சில அலங்கார எழுத்துகளில் புள்ளிக்குப் பதில் பூ வைத்திருப்பர். சிறிதாக அச்சிட்டால் பூ உதிர்ந்து, ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். ஓலைக்காலத்துத் தொல்லை மறுபடி! படத்தின் கீழ் எழுதும் ஆட்பெயர்களுக்கு அலங்காரமே வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்தக் கட்டத்துக்கு விடை தேடி, பாடிய அம்மாவின் மகளிடம் பிள்ளைகளோடு போனேன். அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. சற்று யோசித்து, மெல்லப் பாடிப் பார்த்தார். பின்பு சொன்னார்: “மூடையில்ல தம்பி, கூடை. எங்கட அம்மா கூடையாலதானே அள்ளிக் கொட்டின.”

மாணவி அங்கேயே தன் தொலைபேசியில் அந்த எழுத்தைத் தட்டினாள்.