கேஜர்லிக்கு முந்தைய 245 ஆண்டுகள்

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே சுமார் 26 கிலோமீட்டரில் கேஜர்லி என்ற ஊர் இருக்கிறது. 1730இல் மார்வார் மன்னர் அபய்சிங்கின் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க விறகு தேடி, அமைச்சர் கிரிதர் பண்டாரியின் ஆட்கள் கோடரியோடு அங்கே வந்தார்கள். அம்ருதா தேவியும் அவருடைய மூன்று மகள்களும் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்று வெட்டுண்டார்கள். செய்தி பரவி, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களும் அப்படியே மடிந்தார்கள். அம்ருதா தேவியின் சமூகமான பிஷ்னோய் மக்கள் காத்துவரும் கணக்கின்படி மாண்டவர்கள் 363 பேர். மரங்களைக் கட்டித்தழுவிக் காத்த சிப்கோ இயக்கத்தைப் பற்றிப் பேசும் பலரும் இந்த நாளை நினைவுகூர்வது வழக்கம். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றும்போது, பிஷ்னோய் வரலாற்றில் நாம் கற்கவேண்டியது மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே முடிவுக்கு வருவது வெறும் ஆவேசத்தால் நடக்கிற காரியம் இல்லை. அதற்கு முன் 245 ஆண்டுகள் அவர்கள் மரத்தையும் மானையும் அன்றாட வேலையாகப் பேணிப் பழகியிருந்தார்கள்.

பாலைநிலம் பஞ்சத்தில் தவித்த 1485ஆம் ஆண்டில், சம்ராதல் என்ற மணல்மேட்டில், பீபாசரில் பிறந்த ஜாம்போஜி பிஷ்னோய் நெறியைத் தொடங்கினார். அவர் வகுத்த விதிகள் 29. பட்டியலை முதன்முறை படிப்பவருக்கு வியப்பு ஏற்படும். விடியலில் குளி, பொய் சொல்லாதே, அபினும் புகையிலையும் தொடாதே என்பவற்றுக்கு நடுவே, தனி மரியாதை எதுவும் இல்லாமல், பசுமரத்தை வெட்டாதே என்ற விதியும் வருகிறது. தண்ணீரையும் பாலையும் வடிகட்டு; விறகை அடுப்பில் வைக்குமுன் பூச்சி இருக்கிறதா என்று பார்; காளைக்குக் காயடிக்காதே; கறிக்குப் போகவேண்டிய ஆட்டுக்கிடாய்களுக்கு ஊரில் பொதுப்பட்டி வைத்துப் பார்த்துக்கொள். இறந்தவர்களை எரிக்காமல் புதைப்பதும் அவர்கள் வழக்கம். மரம் அரிதான நாட்டில் அதனால் மிச்சமாகும் விறகு கொஞ்சமில்லை. விடியலில் குளிப்பதையும் மரம் காப்பதையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் ஜாம்போஜியின் நுட்பம். இயற்கையை நேசி என்று அவர் பொதுப்படையாகச் சொல்லவில்லை. காலையில் அடுப்பு மூட்டும் பெண்ணின் கைக்கு என்ன வேலை, கிடாய்க்குட்டி பிறந்தால் ஊருக்கு என்ன பொறுப்பு என்பதைச் சொன்னார். அப்படிச் செய்துவந்தவர்களின் வழிவந்தவரே அம்ருதா தேவி.

வீட்டு வேலையாக இருந்ததைத் திருவிழா ஊர் வேலையாக்கியது. 1536இல் காலமான ஜாம்போஜியின் சமாதி பீகானேர் பக்கத்தில் முகாம் என்ற ஊரில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. அவற்றில் ஒன்று நாம் மகாளய அமாவாசை என்று கொண்டாடும் அதே நாள். வருகிறவர்கள் பறவைகளுக்கென்று தானியம் கொண்டுவருகிறார்கள். பலோதி அருகே ஜாம்போலாவ் குளத்தில் நடக்கும் திருவிழா இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே நீராட வரும் பக்தர் குளத்தின் அடியிலிருந்து மண் அள்ளிக் கரையில் போடுவது வழிபாட்டின் ஓர் அங்கம். மழை அரிதான நிலத்தில் குளம் தூர்ந்துபோகாமல் இருக்க ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான கைகள் வேலை செய்கின்றன. அதற்குக் கூலியும் இல்லை, அரசாணையும் இல்லை. சுற்றுச்சூழல் நாளன்று ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மறந்துவிடும் நிகழ்ச்சிகளோடு இதை வைத்துப் பார்க்கலாம். திருவிழாவுக்குத் தேதி தவறாது. சென்ற ஆண்டு அள்ளிய இடத்தில் இந்த ஆண்டும் அள்ளியாகவேண்டும்.

இதெல்லாம் பக்தியா, பிழைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. கேஜர்லியில் வெட்டப்பட்டது கேஜ்ரி, அதாவது நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலின் தலமரமும் அதுதான். பாலைநிலத்து உழவருக்கு அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், காய் சமையலுக்குச் சங்ரி, நிழலடியில் கம்பு நன்றாக விளைகிறது. அப்படியானால் தங்கள் சோற்றைத்தானே காத்தார்கள் என்பது வாதம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பஞ்சம் வரும்போது சொந்த லாபம் என்ன சொல்லும்? வெட்டி விற்றால் இந்த மாதம் தப்பிக்கலாம் என்றல்லவா சொல்லும்! ஐம்பது ஆண்டுக்குப் பயன்படும் மரத்தை ஐந்து நாள் பசியிலிருந்து காக்க, லாபக் கணக்கைவிட உறுதியான கட்டு ஒன்று வேண்டியிருந்தது. நெறி அந்தக் கட்டாக இருந்தது. மேலும், விளைந்த வயலில் மேயும் வெளிமானை விரட்டாமல் விடுவதை எந்த லாபக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. கொல்லாமை என்ற நெறியால் எல்லாவற்றையும் காக்க முடியுமா? முடிவதில்லை. இன்று பிஷ்னோய் ஊர்களைச் சுற்றி மான்களைக் கடித்துக் கொல்பவற்றில் தெருநாய்க் கூட்டங்கள் முக்கியமானவை. நாயையும் கொல்லக்கூடாது என்ற நெறியிடம் இதற்கு நேரடி விடை கிடையாது. அடிபட்ட மான்களுக்குக் காப்பகம் நடத்துவதாலும் கம்பிவேலிகளை அகற்றச் சொல்வதாலும் ஓரளவே ஈடுகட்ட முடிகிறது. நெறிக்கும் எல்லை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொண்டாகவேண்டும். ஆனால் மனிதனின் கையை எதிர்த்து நிற்கும்போது அதன் வலிமை தெரிகிறது. 1998இல் கான்கானி ஊருக்கருகே வெளிமான் வேட்டையாடப்பட்ட வழக்கில் பிஷ்னோய் சாட்சிகள் பின்வாங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் புகழ்பெற்ற திரைநடிகர். தீர்ப்பு வர 2018 ஆயிற்று. இருபது ஆண்டு நீதிமன்றப் படியேறுவதற்கு வேண்டியது கோபத்தைவிடப் பழக்கம்தான்.

கேஜ்ரியை ராஜஸ்தான் அரசு 1983இல் மாநில மரமாக அறிவித்தது. அதே மரம் அண்மை ஆண்டுகளில் பீகானேர், ஜோத்பூர் வட்டாரங்களில் சூரிய மின்நிலையங்களுக்காக வெட்டப்படுகிறது; பிஷ்னோய்கள் மறுபடியும் போராடுகிறார்கள். கரியுமிழ்வைக் குறைக்கும் மின்சாரத்தைத் தடுப்பது சூழல் பற்றாகுமா என்று அவர்களிடம் கேட்கிறார்கள். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மரமில்லாத நிலத்தில் சூரியப் பலகைகளை நிறுவுங்கள், வன்னியை வெட்டுவதற்குக் கடும் தண்டனை தரும் சட்டம் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். ஒரு வன்னி முதிர்ந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். கண்ணாடிப் பலகையை வேறோர் இடத்தில் நிறுத்த ஒரு திட்ட வரைபடத்தைத் திருத்தினால் போதும். இந்தக் கோரிக்கையில் நியாயம் அவர்கள் பக்கமே இருக்கிறது.