மேசையில் மூளும் சண்டை: பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் பிணக்குகளைத் தீர்ப்பது எப்படி?

பலெர்மோவில் வளரும் எங்கள் பிள்ளைகள் சிலர், பள்ளித் தோழர்களோடு சேர்ந்து வார இறுதியில் மணிக்கணக்காக ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் பென்சிலும் தாளும் பல முகங்கள் கொண்ட பகடைகளும் இருக்கும். 'ஜோக்கோ தி றூவோலோ' என்று இத்தாலியர் சொல்லும் இதைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு எனலாம். இதில் எழும் சண்டை சிலவேளை மேசையோடு நிற்பதில்லை. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் திரும்பத் திரும்ப அதே முகங்களைக் காணும் சிறிய சமூகம் நாங்கள். இரண்டு பிள்ளைகள் முகம் திருப்பினால் இரண்டு குடும்பங்கள் முகம் திருப்ப அதிக நாள் எடுக்காது. ஆகவே இதைப் பெற்றோரும் விளங்கி வைத்திருப்பது நல்லது.

விளையாட்டின் அமைப்பு

இவ்வகையில் முதலில் வெளிவந்தது டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளியானது. 1985இல் இத்தாலிய மொழிக்கு வந்தது. ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஒரு பாத்திரத்தை எடுப்பார்கள். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். இத்தாலியப் பிள்ளைகள் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். எங்கள் கூத்தில் அண்ணாவியார் போல என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் செய்ய நினைப்பது கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

நாங்கள் ஊரில் விளையாடிய 304 கடதாசி விளையாட்டில் யார் யாருடைய பக்கம் என்பது முதலே முடிவாகிவிடும். எதிரே இருப்பவர் கூட்டாளி. அவரை ஏமாற்ற விதியில் இடமில்லை. பாத்திர விளையாட்டில் அப்படி இல்லை. ஒரே அணியில் போகிறவர் தன் கூட்டாளியின் பையில் கைவைக்கலாம். எதிரிக்கு அவரைக் காட்டியும் கொடுக்கலாம். விதி தடுக்காத இந்த இடத்தில்தான் பிணக்கு முளைக்கிறது.

இரண்டு வகைச் சண்டை

உரிமையாளர் வேறு, வியாபாரம் வேறு என்பது கணக்கியலின் முதற்பாடம். இங்கும் அதுவே அடிப்படை: ஆடுபவர் வேறு, பாத்திரம் வேறு.

பாத்திரங்கள் சண்டை பிடிக்க, ஆடுபவர்கள் இருவரும் அதை ரசித்தால் அது நல்ல கதை. பலெர்மோவின் புகழ்பெற்ற 'ஓப்பெரா தெய் பூப்பி' பொம்மலாட்டத்தில் ஓர்லாந்தோவும் றினால்தோவும் உறவினர். ஒரே அரசனின் வீரர்கள். அஞ்செலிக்கா என்ற பெண்ணுக்காக இருவரும் வாளெடுத்து மோதுவார்கள். அந்த மோதலைப் பார்க்கத்தான் சனம் வருகிறது. அதே அரங்கில் துரோகி கானோ மேடைக்கு வந்தால், அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் கையில் கிடைத்ததை அந்தப் பொம்மையின்மேல் எறிவார்களாம். வேடத்தையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பது வளர்ந்தவர்களுக்கே கடினம் என்பதற்கு இது சான்று.

மற்ற வகையில், பள்ளியில் ஏற்பட்ட மனக்கசப்பு பாத்திரத்தின் வாயால் வெளிவரும். அல்லது ஒருவர் எல்லோரையும் குழப்பிவிட்டு, "என் பாத்திரம் அப்படிப்பட்டது, நான் என்ன செய்ய?" என்பார். அந்தப் பாத்திரத்தை உண்டாக்கியவரே அவர்தான். திருடனுக்கும் தன் அணியிடம் திருடாமல் இருக்க ஒரு காரணத்தை அவரால் உண்டாக்க முடியும். இவ்வகைச் சண்டையைப் பகடை உருட்டித் தீர்க்க முடியாது. தோற்றவர் மனத்தில் அது கிடக்கும்.

தொடங்குமுன் பேச வேண்டியவை

அனுபவமுள்ள குழுக்கள் முதல் நாளில் ஆடுவதில்லை, பேசுகின்றன. அதைப் 'பூச்சிய அமர்வு' என்கிறார்கள். அங்கே நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்.

ஒன்று: கூட்டாளியைத் தாக்கலாமா, அவரிடம் திருடலாமா?

இரண்டு: கிடைக்கும் பொன்னும் பொருளும் எப்படிப் பங்கிடப்படும்? ஒரு கொப்பியில் பொதுக்கணக்கு எழுதி எல்லோரும் பார்க்க வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

மூன்று: இந்தப் பாத்திரங்கள் ஏன் சேர்ந்து பயணம் செய்கின்றன? ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

நான்கு: எந்தக் காட்சி வேண்டாம்? அமெரிக்க வடிவமைப்பாளர் றொன் எட்வேர்ட்ஸ் இதற்குக் 'கோடு', 'திரை' என்று இரண்டு சொற்களைத் தந்தார். கோட்டுக்கு அப்பால் உள்ளது கதையில் வரவே கூடாது. திரைக்குப் பின்னால் உள்ளது நடந்ததாகக் கொள்ளலாம், விவரிக்கக் கூடாது.

நான்காவது கேள்வி எங்களுக்கு முக்கியமானது. ஊர் எரிவதும், கைதியை விசாரிப்பதும், ஒருவர் காணாமற்போவதும் இந்த விளையாட்டுகளில் சாதாரணமாக வரும். எங்கள் வீடுகள் பலவற்றில் அவை வெறும் கதையல்ல. பக்கத்தில் இருக்கும் தோழனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜோன் ஸ்டாவ்ரொபோலஸ் என்பவர் அறிமுகப்படுத்திய எளிய முறை ஒன்று உண்டு. எக்ஸ் எழுத்துப் போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி விடப்படும். காரணம் கேட்கக் கூடாது. வீட்டுக் கதையை வெளியே சொல்லாமலே 'வேண்டாம்' என்று சொல்ல எங்கள் பிள்ளைக்கு இது வழி தருகிறது.

நடுவில் சண்டை மூண்டால்

முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். "இது நீ கதைக்கிறாயா, உன் பாத்திரம் கதைக்கிறதா?" என்று மாஸ்டர் கேட்கலாம். பாத்திரம் என்றால், தாக்கப்படுபவரை ஆடுபவரின் சம்மதம் கேட்க வேண்டும். பல குழுக்களில் தாக்குபவர் செயலை மட்டும் சொல்வார். அதன் விளைவைத் தாக்கப்படுபவர் சொல்வார்.

பாத்திரங்களுக்கு இடையே வாக்குவாதம் என்றால் 'பேர்னிங் வீல்' என்ற விளையாட்டின் முறை உதவும். வாதம் தொடங்குமுன் இருவரும் தமக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். தோற்றவர் முடிவை ஏற்பார். வென்றவரும், வாதத்தில் தான் இழந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பார்.

மாஸ்டர் தனியாகத் தீர்ப்புச் சொல்வது எப்போதும் பயன் தராது. 1516இல் அச்சான அரியோஸ்தோவின் காவியத்தில், சார்லமேன் அரசன் அஞ்செலிக்காவை ஓர்லாந்தோவிடமிருந்தும் றினால்தோவிடமிருந்தும் பிரித்து வைக்கிறான்; போரில் கூடுதலான எதிரிகளை வீழ்த்துபவனுக்கே அவள் என்கிறான். பகையைப் பொதுவேலைக்குத் திருப்பும் நல்ல யோசனைதான். ஆனால் அஞ்செலிக்காவை ஒருவரும் கேட்கவில்லை. அவள் குதிரையேறித் தப்பிவிடுகிறாள்.

பிணக்கு பள்ளியிலிருந்து வந்தது என்றால் அன்றைய ஆட்டத்தை அத்தோடு விட்டு, சம்பந்தப்பட்ட இருவரையும் தனியாகக் கதைக்க விடுவதே சரி. மற்றவர்கள் முன்னால் விசாரித்தால் ரோசம்தான் மிஞ்சும்.

காட்டிக்கொடுப்பதையே சுவையாகக் கொண்ட விளையாட்டுகளும் உண்டு. 1984இல் வந்த 'பரனோயா' அதில் பெயர் பெற்றது. அங்கே யாரும் மனம் நோவதில்லை. எல்லோரும் தெரிந்துகொண்டே உட்காருகிறார்கள்.

பெற்றோருக்கு

1980களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டைப் பிசாசு வழிபாடு என்று சொல்லிப் பலர் பயந்தார்கள். அந்தப் பயம் தேவையில்லை. பிள்ளை கோபத்தோடு வீடு வந்தால், மற்றப் பிள்ளையின் தாய்க்கு உடனே தொலைபேசி எடுக்க வேண்டாம். "சண்டை பிடித்தது நீயா, உன் பாத்திரமா?" என்று கேளுங்கள். பாத்திரம் என்றால் கதையைக் கேட்டு ரசியுங்கள். பிள்ளைதான் என்றால், அடுத்த வாரம் ஆட்டம் தொடங்குமுன் அதைக் கூட்டாளிகளிடம் தானே சொல்லப் பழக்குங்கள்.