‘பாஷ்’ வந்தது கப்பலிலா, சில்லறைக் காசிலா?

ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டுல இருக்கிற கஃபேக்களைப் பார்த்து, “செம பாஷ் ஏரியா மச்சி”னு நீங்களும் சொல்லியிருப்பீங்க. அந்த ‘பாஷ்’ எங்கிருந்து வந்துச்சு?

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை இது. பி அண்ட் ஓ கப்பலில் இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும்போது இடப்பக்க அறையில் வெயில் குறைவு, திரும்பும்போது வலப்பக்கம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதல் எழுத்துகளைத் துரைமார் டிக்கெட்டில் முத்திரை குத்தினார்களாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, அப்படி ஒரு டிக்கெட்கூட இதுவரை சிக்கலை!

ஆய்வாளர்கள் பலர் கைகாட்டுவது ஜிப்சிகளின் ரோமானி மொழியை. அதில் ‘பாஷ்’ என்றால் பாதி. அரைப் பென்னிக்கான சொல்லில் ஒட்டியிருந்து, லண்டன் தெருப்பேச்சில் சில்லறைக் காசு என்றானது. 1890 வாக்கில், மினுக்கித் திரிகிற ஆளுக்கும் அதே பெயர். ரோமானியின் வேரோ வட இந்தியாவில். கப்பல் கதை பொய்னாலும், சொல்லுக்கு நம்ம ஊர்ச் சொந்தம் இருக்கலாம்!

நிஜமாகவே பாஷான ஒருத்தர் இங்கே வந்திருக்கார். எழுத்தாளர் சாமர்செட் மாம், 1938-ல் ஆசிரமம் வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். கோவணம் மட்டுமே கட்டியிருந்த ரமணர், தானே அவரிடம் போய் அமைதியாக உட்கார்ந்திருந்தார். 1944-ல் வெளியான மாமின் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் குருவுக்கு அவர்தான் முன்மாதிரி. அந்த ரமணர், பந்தியில் தன் இலைக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கோபித்துக்கொள்வார்.