கைகண்ட கல்வி

தேனியிலிருந்து கம்பத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், முல்லையாற்றின் கரையிலே அமைந்த வீரபாண்டி என்னும் ஊரில் சித்திரை மாதந்தோறும் கௌமாரியம்மனுக்கு நடைபெறும் திருவிழாவைக் கண்டவர்கள், தீச்சட்டி ஏந்தி வருவோரின் நடுவே ஆயிரங்கண் பானையைச் சுமந்து வரும் பெண்களையும் கண்டிருப்பார்கள். உடம்பெங்கும் துளையிட்ட மண்பானை அது. அம்மையின் முத்துக்கள் மேனியில் ஆயிரங்கண்ணாகத் திறந்திருந்த நாட்களில், இருக்கும் இரண்டு கண்களைக் காத்துத் தரவேண்டுமென்று தாய்மார் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன் என்றே நான் அதைப் பொருள்கொள்வது வழக்கம். கண்ணொளி இழந்த வீரபாண்டிய மன்னன் இத்தலத்துக்கு வந்து, கௌமாரியை வழிபட்டு ஒரு கண்ணையும், அருகே எழுந்தருளியிருக்கும் கண்ணீசுவரமுடையாரை வழிபட்டு மற்றொரு கண்ணையும் பெற்றான் என்பது தலவரலாறு. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் இதற்குச் சான்று கேட்கக்கூடும். என் அக்கறை வேறு: பார்வை போன ஒருவனின் கதையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊர், அந்தத் துயரத்தை எவ்வளவு அண்மையில் அறிந்திருக்கவேண்டும்!

பெரியம்மை இந்தியாவைவிட்டு நீங்கியது 1975இலே என்பதை இன்றைய இளைஞர்க்கு நினைவூட்டவேண்டியிருக்கிறது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொண்டுபோகாத வீடுகளில் அது கண்ணையேனும் கொண்டுபோயிற்று. கம்பம் பள்ளத்தாக்குக்கு வடக்கே நிற்கும் பழனி மலைத்தொடரின் அப்புறத்தில், 1836இல் பிறந்த ஒரு குழந்தைக்கு மூன்றாம் வயதில் அம்மை கண்டு இரு கண்களும் போயின. அக்குழந்தையே பின்னாளில் இராமநாதபுரம் சேதுபதியின் அவையில் கவிச்சிங்கம் என்று போற்றப்பெற்ற மாம்பழக் கவிச்சிங்க நாவலர். பிறர் படிக்கக் கேட்டே அவர் இலக்கணமும் இலக்கியமும் கற்றார்.

அவர் ஒரு விதிவிலக்கு அல்லர். கேள்விக்கென்று குறளில் தனியே ஓர் அதிகாரம் இருக்கிற நாட்டில், ஏடு படிக்கத் தெரிந்தவரைவிடக் கேட்டு மனத்தில் பதித்தவரே பல காலம் மிகுதியாக இருந்தனர். ஆகவே கண்ணில்லாதவனுக்குப் புலமையின் வாயில் அடைபட்டுக் கிடக்கவில்லை. இந்தப் பெருமையை நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். ஆனால் அதே பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டென்பதை நாம் எண்ணுவதில்லை. செவியையே செல்வத்துள் செல்வமாகக் கொண்ட சமூகத்தில் செவி இல்லாதவன் கதி என்ன? பிறவியில் காது கேளாத பிள்ளைக்குப் பேச்சும் வாராதாகையால், அதை ஊமை என்று ஒரு சொல்லால் ஒதுக்கி, ஆடு மேய்க்க அனுப்பினோம். கம்பம் பள்ளத்தாக்கில் மலைச்சுரம் மலிந்திருந்த காலத்தில் அதற்கு மருந்தாக வழங்கிய கொயினாவை மிகுதியாக உட்கொண்டவர்க்குக் காது இரைந்து கேள்வி மங்குவதும் உண்டு. அவர்களையும் வீட்டுத் திண்ணையின் மூலை விழுங்கிற்று. பார்வையற்ற புலவருக்கு அந்தகக்கவி என்னும் பட்டம் தமிழில் இருக்கிறது. செவிடருக்கு அத்தகைய பட்டம் ஒன்று உண்டானதாகத் தோன்றவில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று மட்டும் இவ்விடத்தில் வேறொரு வழியைக் காட்டுகிறது. பிறவியிலேயே பார்வையற்ற அவர், தம் முதுகில் பிறரை எழுதச்சொல்லி எழுத்துக்களை அறிந்துகொண்டாராம். கேட்டுக் கற்றதோடு நில்லாமல் எழுத்தின் வடிவத்தைத் தோலினால் அறியவேண்டுமென்று அவருக்கு ஏன் தோன்றிற்றோ! கண் என்றும் செவி என்றும் இரண்டு வாயில்களையே எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு, உடம்பு முழுவதும் ஒரு வாயிலே என்பதை அந்த முதுகு சொல்லிற்று; நாம்தான் அதைப் பள்ளிக்கூடம் ஆக்கவில்லை.

அதைப் பள்ளிக்கூடம் ஆக்கியவள் கடல் கடந்த தேசத்தில் ஒரு பெண். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880இல் பிறந்த ஹெலன் கெல்லர், பத்தொன்பது மாதக் குழந்தையாயிருக்கையில் கண்ட ஒரு சுரத்தில் கண்ணையும் காதையும் ஒருங்கே இழந்தாள். ஏழாம் வயது நிரம்புமுன் அவளுக்கு ஆசிரியையாக வந்த ஆனி சல்லிவன், தாமே இளமையில் கண்ணோயால் பார்வை குன்றி, ஏழையர் விடுதியில் வளர்ந்து, பாஸ்டன் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் பயின்றவர். 1887 ஏப்ரல் 5ஆம் நாள், குழந்தையின் ஒரு கையைக் குழாய் நீரில் பிடித்து, மற்றொரு கையின் உள்ளங்கையில் நீர் என்னும் சொல்லின் எழுத்துக்களை விரலால் அவர் ஒவ்வொன்றாகக் குறித்தபோது, உலகத்திலுள்ள பொருளுக்கெல்லாம் பெயர் உண்டென்னும் உண்மை அச்சிறுமிக்கு முதன்முதலாகப் புலப்பட்டது. 1904இல் அவள் பட்டதாரியானாள் என்பதும், நூல்கள் எழுதினாள், நாடு நாடாகச் சென்று பேசினாள் என்பதும் யாவரும் அறிந்தவை. அவளைப் புகழ்வோர் பலரும் அந்த உள்ளங்கையை நினைக்கிறார்கள். அதில் எழுதிய விரலை மறந்துவிடுகிறார்கள்.

அந்த 1887ஆம் ஆண்டு கம்பம் பள்ளத்தாக்குக்கும் நீரின் ஆண்டே. மேற்கே ஓடிக் கடலில் வீழ்ந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவதற்கு, பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கியது அவ்வாண்டில்தான். காட்டு யானைக்கும் வெள்ளத்துக்கும் மலைச்சுரத்துக்கும் தொழிலாளர் பலரைப் பலிகொடுத்து எட்டாண்டு உழைத்தபின், 1895 அக்டோபரில் நீர் மலையைக் கடந்து வந்தது. இன்று 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவிப்பது அந்த நீர். பூகோளத்தின் இரு கோடிகளில் ஒரே ஆண்டில் நேர்ந்த இவ்விரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு யாதும் இல்லை. எனினும் அந்த நீர் வந்திறங்கும் லோயர் கேம்ப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுமியின் கை ஞாபகத்துக்கு வருகிறது.

நமது பக்கத்திலும் கையால் கற்பிக்கும் முயற்சி அக்காலத்திலேயே அரும்பிற்று. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். அப்பத்தாண்டு முடிவதற்குள் ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையாரின் காது கேளாதோர் பள்ளியும் அதே ஊரில் எழுந்தது. ஆறு புள்ளிகளில் அடங்கும் பிரெயில் எழுத்து, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் என்ற பெயரில் ஒழுங்குபெற்றது 1951இல். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1955இல், எழுபத்தைந்தை நெருங்கிய ஹெலன் கெல்லர் இந்தியாவுக்கு வந்தார். பிரதமர் நேருவின் முகத்தைத் தம் விரல்களால் தடவி அறிந்துகொண்ட காட்சியைப் புகைப்படத்தில் கண்டவர் மறவார்.

பள்ளத்தாக்கின் கண் வரலாற்றில் மற்றொரு கையையும் சொல்லவேண்டும். வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமிக்கு முப்பது வயதையொட்டி முடக்குவாதம் கண்டு, விரல்கள் கோணின. பிரசவ வைத்தியத்தில் நாட்டங்கொண்டிருந்தவர் கண் வைத்தியத்துக்கு மாறி, கோணிய விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் செய்தார். 1976இல், தம் 58ஆம் வயதில், மதுரையில் பதினோரு படுக்கைகளுடன் அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1985இல் தேனியில் கிளை அமைந்தது. அவருக்கு மைத்துனரும் வலக்கையுமாயிருந்த டாக்டர் நம்பெருமாள்சாமி, தேனிக்கு அருகிலுள்ள அம்பாசமுத்திரத்துக்காரர். 2004க்குப் பின் அந்த அம்பாசமுத்திரத்திலும் போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களிலும் சிறு பார்வை மையங்கள் ஏற்பட்டு, கம்பியில்லா இணைப்பின் வழியாகத் தேனியிலிருக்கும் டாக்டர் கிராமத்துக் கிழவியின் கண்ணைப் பார்க்கும் ஏற்பாடும் வந்தது.

கிழவி என்றதும் என் அம்மாச்சியின் நினைவு வருகிறது. புரை முற்றி இரு கண்ணும் மறைந்து, காதும் பெரும்பாலும் அடைத்துப்போன நிலையில், ஒரு கண் முகாமுக்கு அவரை அழைத்துச் சென்றோம். அந்நாட்களில் அவரிடம் ஏதேனும் சொல்லவேண்டுமானால் கையைத்தான் பிடிக்கவேண்டும்: மணிக்கட்டைப் பற்றினால் சோறு, தோளைத் தொட்டால் படுக்கை, விரல் நுனியைச் சுண்டினால் நான். யாரும் வகுத்துக் கொடுக்காத இலக்கணம் அது. சிகிச்சை முடிந்த மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்து, “தெரியுதாம்மா?” என்று நர்ஸ் உரக்கக் கேட்க, அம்மாச்சி என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, என் நெற்றி, மூக்கு, மோவாய் என்று ஒவ்வொன்றாகத் தடவி முடித்த பின்தான், “நீதானா ராசா?” என்றார்.